பத்தாம் ஆண்டின் பேட்டரி

மேற்குத் தொடர்ச்சி மலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் வருகிற ஒரு குடியிருப்பு. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கம்பம். உச்சியில் சோலார் பேனல், அதற்குக் கீழே விளக்கு, நெஞ்சு உயரத்தில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குக் கதவில்லை. பேட்டரி இருந்த இடத்தில் ஒரு குளவிக்கூடும், தொங்குகிற இரண்டு வயர் முனைகளும். பையிலிருந்த மல்டிமீட்டரை அந்த முனைகளில் வைத்துப் பார்த்தேன். உச்சி வெயில்; இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேனலுக்கு ஒரு குறையும் இல்லை.

“ரெண்டு வருசம் நல்லாத்தான் எரிஞ்சுது தம்பி,” என்றார் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி. “அப்புறம் பேட்டரி போயிருச்சு. புதுசு போடணும்னாங்க. யாரு வாங்குறது?”

கிராமத்துச் சூரிய மின்சாரத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

டீசல் ஜெனரேட்டரை வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். சூரிய மின்சாரம் அதற்கு நேர்மாறு. வெயிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வெயிலைப் பிடிக்கிற கருவிகளுக்கான பணத்தை முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். இருபது வருடத்து மண்ணெண்ணெயை ஒரே நாளில் வாங்கி அடுக்குவது மாதிரி. அன்றாடங்காய்ச்சி ஊருக்கு அது முடியாது. ஆகவே அரசோ, தொண்டு நிறுவனமோ, வெளிநாட்டு நிதியோ வந்து அந்த முதல் நாள் செலவை ஏற்கிறது. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செலவு அங்கே முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

கணக்கை ஆரம்பத்திலிருந்து போட்டுப் பார்ப்போம்.

எத்தனை யூனிட் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள். கரண்டே பார்க்காத வீட்டில் போய் “மாசம் எவ்வளவு கரண்ட் செலவழிப்பீங்க?” என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? நாம் கேட்கிற தோரணையைப் பார்த்து, இலவசமாக ஏதோ தரப்போகிறோம் என்று நினைத்தால் ஃபேன், டி.வி., ஃப்ரிட்ஜ் என்று அடுக்குவார்கள். பில் வரும் என்று தோன்றினால் “ஒரு குண்டு பல்பு போதும் சார்” என்பார்கள். இரண்டையும் நம்பக் கூடாது. இதைவிட நல்ல வழி, இன்றைக்கு அந்த வீடு எதற்குப் பணம் தருகிறது என்று கேட்பது. மண்ணெண்ணெய் எவ்வளவு, டார்ச் லைட் பேட்டரி மாசத்துக்கு எத்தனை, செல்போன் சார்ஜ் போட டவுனில் தருவது எவ்வளவு, மாவு அரைக்கப் போய்வரும் செலவு என்ன. ஆசையை விட்டுவிட்டு ஏற்கெனவே கைவிட்டுப் போகிற காசைக் கேட்கிற கேள்விகள் இவை. பதிலும் அநேகமாகச் சரியாகவே வரும்.

ஒரு கற்பனைக் கிராமத்தை வைத்துக்கொள்வோம். 120 வீடுகள். வீட்டுக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, தினம் ஐந்து மணி நேரம், 50 வாட் ஃபேன் ஒன்று, எட்டு மணி நேரம், ஒரு டி.வி., மூன்று மணி நேரம், செல்போன் சார்ஜர். கூட்டினால் வீட்டுக்கு நாளொன்றுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஊருக்கு 84 யூனிட். குடிநீர் மோட்டார், பள்ளிக்கூடம், தெருவிளக்கு, ஒரு மாவு மில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16. மொத்தம் நாளுக்கு 100 யூனிட். இந்த ஊருக்குள் யாராவது ஒருவர் 750 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தால், அந்த ஒரு பெட்டி மட்டும் 83 பல்புகளுக்குச் சமம் என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது கட்டாயம் வரும். இரண்டாவது வருடத்தில், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது.

நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பேட்டரிக்குள் போய்த் திரும்புவதிலும் இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேருவது மூன்றே கால், மூன்றரை. ஆகவே 30 கிலோவாட் பேனல் தேவை. இரவுக்கும் கொஞ்சம் மப்புக்கும் சேர்த்து 120 யூனிட் கொள்கிற லித்தியம் பேட்டரி.

இனி வருகிற விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. நீங்கள் படிக்கிற நாளில் சந்தை வேறாக இருக்கும். பேனலும் அதைத் தாங்கும் சட்டமும் 15 லட்சம். பேட்டரி 24 லட்சம். இன்வெர்ட்டர் வகையறா 5 லட்சம். கம்பம், வயர், மீட்டர் 10 லட்சம். அறை, வேலி, மலையேற்றுக் கூலி 6 லட்சம். ஆக 60 லட்சம். இதில் பேனலின் பங்கைக் கவனியுங்கள்: கால் பங்கு. 2010-களில் பேனல் விலை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்ததைப் பார்த்து, கிராம மின்சாரமும் பத்தில் ஒரு பங்குச் செலவாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. மீதி முக்கால் பங்கு அந்த வேகத்தில் சரியவில்லை. கம்பம் தூக்குகிறவரின் கூலி ஏறித்தான் இருக்கிறது.

இந்த 60 லட்சத்தை யூனிட் விலையாக மாற்றுவது எப்படி? வீட்டுக் கடனுக்கு வங்கிக்காரர் இ.எம்.ஐ. போடுகிற அதே சூத்திரம்தான். 10 சதவீத வட்டி, 20 வருடம் என்றால், வருடத் தவணை 7.05 லட்சம். பத்தாம் ஆண்டில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாற்ற வேண்டும். அந்த 29 லட்சத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து தவணையாக்கினால் வருடம் 1.31 லட்சம். இரண்டு ஆபரேட்டர்களுக்கு மாதம் பத்தாயிரம் வீதம் சம்பளம், சில்லறை ரிப்பேர்: 3 லட்சம். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 11.36 லட்சம். வருடத்தில் விற்பது 36,500 யூனிட். வகுத்தால் யூனிட் 31 ரூபாய்.

அதிர்ச்சியாக இருக்கிறதா? இதே ஊருக்கு டீசல் ஓட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சின்ன ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் தரும். லிட்டர் 95 ரூபாய் என்றால், எரிபொருள் மட்டுமே யூனிட்டுக்கு 32 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சின் விலை, ஆயில், மெக்கானிக், டிரம்மை மலைக்கு ஏற்றும் கூலி எல்லாம் தனி.

வட்டியே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் 31 ரூபாய் 20 ஆகிறது. 60 லட்சத்தையும் மானியமாக யாரோ தந்துவிட்டார்கள், ஊர் ஆபரேட்டர் சம்பளத்தையும் அடுத்த பேட்டரிக்கான சேமிப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றால், பத்து வருடத்தில் சேர்க்க வேண்டியது 29 லட்சம், வருடம் 2.6 முதல் 2.9 லட்சம், யூனிட் 15, 16 ரூபாய். பேட்டரியை மறந்துவிட்டால் 8 ரூபாய் 20 காசு. ஒரே ஊர், ஒரே பேனல், நான்கு விலை. திட்ட அறிக்கைகளில் இந்த நான்கில் எது அச்சாகிறது என்பது அதை யார் எழுதினார் என்பதைப் பொறுத்தது. ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலும் சொல்லப்படுவது நான்காவது விலை. அந்த எட்டே கால் ரூபாய் ஒன்பது வருடத்துக்கு உண்மையாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. பத்தாம் வருடம் 29 லட்சம் தேவைப்படும்போது சங்கத்தின் பாஸ்புத்தகத்தில் நாற்பதாயிரம் இருக்கும்.

லித்தியம் என்பதால் பத்து வருடம் என்கிறேன். பழைய ஈய–அமில பேட்டரி என்றால் இந்த மாற்றுச் செலவு நாலைந்து வருடத்திலேயே வந்துவிடும். அந்த பேட்டரி ஒரு மாடு மாதிரி. தினம் பார்க்க ஆள் வேண்டும். மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கடை தூரம் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு தட்டுகளைத் தின்னும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பதைச் சுரண்டி கிரீஸ் தடவ வேண்டும். பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. அதற்குக் காவலாக ஒரு கன்ட்ரோலர் உண்டு. படத்தின் கிளைமாக்ஸில் அது கரண்டை நிறுத்திவிட்டால், ஊரில் ஒரு கெட்டிக்காரப் பையன் அதைத் தாண்டி நேராக வயரை இழுத்துக் கொடுத்துவிடுவான். படம் முடியும். பேட்டரியின் ஆயுளில் சில மாதங்களும் அத்தோடு முடியும். திட்டத்தின் அளவைக் கணக்கிடுகிற எந்த மென்பொருளும் இந்தப் பையனைக் கணக்கில் எடுப்பதில்லை.

மென்பொருள் என்றதும் ஹோமரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990-களில், கிராம மின் திட்டங்களுக்காகவே உருவானது. வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எத்தனை பேனல், எத்தனை காற்றாலை, எவ்வளவு பேட்டரி, எவ்வளவு டீசல் என்ற நூற்றுக்கணக்கான கலவைகளை மொத்த ஆயுட்செலவின் வரிசையில் அடுக்கித் தரும். நல்ல கருவி. ஆனால் நாம் கொடுத்த 100 யூனிட் தப்பாக இருந்தால் அதுவும் தப்பாகவே, நான்கு தசம இடங்களுக்குத் துல்லியமாகச் சொல்லும்.

தப்பு எவ்வளவு வலிக்கும்? நம் ஊரில் பேனல் விலை பாதியாகக் குறைந்ததாக வைப்போம். யூனிட் விலை 31-லிருந்து 29-க்குச் சற்றுக் கீழே வரும். அவ்வளவுதான். மாறாக, பேனல் விலை அப்படியே இருந்து, 100 யூனிட் எதிர்பார்த்த இடத்தில் ஊர் 60 யூனிட்டே வாங்கினால், அதே 11.36 லட்சத்தை 21,900 யூனிட்டில் பங்கு போட வேண்டும்: யூனிட் 52 ரூபாய். டெண்டரில் பேனலுக்கு வாட்டுக்கு ஐம்பது காசு குறைக்க மாதக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், வீடு வீடாகக் கேட்கிற வேலையை இரண்டு கல்லூரி மாணவர்களிடம் ஒரு பிற்பகலில் முடிக்கச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பகலில் ஓடுகிற மாவு மில்லும் தண்ணீர் மோட்டாரும் திட்டக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. அவை பேட்டரிக்குள் போகாமல் பேனலிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்ளும், யூனிட்டும் கூடும்.

அடுத்தது மழை. நம் பேட்டரி ஒரு நாளைத் தாக்குப்பிடிக்கும். மூன்று நாள் அடைமழையைத் தாங்க வேண்டுமென்றால் பேட்டரியை மூன்று மடங்காக்க வேண்டும்: கூடுதலாக 48 லட்சம், அதற்கான வருடத் தவணை மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல். வருடத்தில் அப்படிப்பட்ட நாட்கள் பதினைந்து இருக்குமா? அந்தப் பதினைந்து நாளும் டீசல் ஓட்டினால் 1,500 யூனிட், 500 லிட்டர், 47,500 ரூபாய். சுத்தமான மின்சாரம் வேண்டும் என்று விரும்புகிறவனுக்கு இது கசக்கிற கணக்கு. எனக்கும் கசக்கிறது. ஆனாலும் ஐந்தரை லட்சம் எங்கே, அரை லட்சம் எங்கே.

யாழ்ப்பாணத் தீவுகளில் இந்தக் கணக்கை உண்மையான அளவில் பார்க்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் மின்கம்பி போகவில்லை. இலங்கை மின்சார சபை டீசல் எஞ்சின் ஓட்டியே கரண்ட் கொடுத்துவந்தது. டீசல் கடல் கடந்து வர வேண்டும். தீவுக்காரரிடம் வாங்கியதோ கொழும்புக்காரர் கட்டிய அதே கட்டணம். வித்தியாசம் சபையின் தலையில். பக்கத்து எழுவைதீவில் காற்று, சூரியன், பேட்டரி, டீசல் நான்கையும் கலந்த அமைப்பு முன்பே வந்துவிட்டது. மற்ற மூன்று தீவுகளுக்கான திட்டம் 2021-இல் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. கடைசியில் 2022-இல் இந்தியாவின் 1.1 கோடி டாலர் மானியமாக மாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2024-இல். தொலைதூரத் தீவின் செலவுத் தாளில் ராஜதந்திரம் என்றும் ஒரு வரி இருக்கிறது போலும்.

அந்தத் திட்டத்தின் எண்கள்தான் சுவாரசியம். சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பேட்டரி 2,400 யூனிட், அவசரத்துக்கு டீசல் 2,500 கிலோவாட். காற்றையும் சூரியனையும் கூட்டினால் 2,230. துணைக்கு நிற்கிற டீசல் அதைவிடப் பெரிது. பேட்டரியோ, காற்றும் சூரியனும் முழு வீச்சில் ஓடினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடுகிற அளவு. இதை வடிவமைப்பின் குறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அள்ளி வீசும், காற்றாலைக்குத் திருவிழா. ஐப்பசி, கார்த்திகையில் சோளகம் ஓய்ந்து வாடை நிலைகொள்ளாத இடைவெளியில், மழை மூடிக் கிடக்கும்போது, இரண்டும் ஒன்றாகக் கைவிரிக்கிற நாட்கள் வரும். அந்த நாட்களுக்காக மட்டும் தீவு முழுக்க பேட்டரி அடுக்குவதைவிட, எஞ்சினை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பது மலிவு. வருடத்தில் எத்தனை மணி நேரம் அது ஓடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதன் அளவை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. உப்புக்காற்றில் எல்லா நட்டும் போல்ட்டும் உள்நாட்டைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும், பழுது பார்க்கிற பொறியாளர் குறிகட்டுவான் படகுத்துறையில் படகுக்குக் காத்திருக்கிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை வசூலிப்பது எப்படி? பொறியாளர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியில் முடித்துவிடுவார்கள். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் மேரா காவ் பவர் என்ற நிறுவனம் வீட்டுக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜும் கொடுத்து வாரம் 25 ரூபாய் வாங்கியது. மாதம் நூறு ரூபாய் என்றால் தயங்குகிற வீடு, வாரம் 25 தரும். கூலி வாரக்கணக்கில் வருகிற ஊரில் பில்லும் வாரக்கணக்கில்தான் வர வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒருவருக்குத் தோன்றியதே.

இலங்கையின் மலைப்பக்கத்துச் சிறு நீர்மின் சங்கங்கள் இன்னொரு வழி கண்டன. சப்ரகமுவ மாகாணத்திலும் அதைச் சுற்றியும் உள்ள ஓடைகளில் 1990-களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஓடையில் ஒரு சின்னத் தடுப்பு, குழாய், ஓட்டுக் கொட்டகைக்குள் ஒரு டர்பைன். வாய்க்கால் வெட்டியதும் கம்பம் சுமந்ததும் ஊர்க்காரர்களின் சிரமதானம். அதுவும் ஒரு முதலீடுதான், யாரும் ரூபாயில் எழுதவில்லை என்பது வேறு. அங்கே யூனிட் மீட்டர் கிடையாது. இரவும் பகலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பல்பை அணைத்தால் மிச்சமாகிற கரண்டைக் கன்ட்ரோலர் ஒரு தொட்டித் தண்ணீரைச் சுடவைத்தே தீர்க்கும். சேமிக்க ஒன்றுமில்லாதபோது யூனிட்டை எண்ணி என்ன பயன்? ஆகவே வீட்டுக்கு இத்தனை வாட் என்று வரம்பு, மாதம் இவ்வளவு என்று ஒரே சந்தா. வரம்பை மீறினால் அந்த வீட்டு இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். பேனல்–பேட்டரி ஊரில் இதே முறையை வைத்தால் மூன்றாவது இரவே பேட்டரி காலி. செலவு எதில் பிறக்கிறதோ அதை அளக்க வேண்டும்; அங்கே வாட், இங்கே யூனிட்.

இவ்வளவும் சரியாகச் செய்த ஊருக்கும் ஒரு விருந்தாளி வரக்கூடும்: அரசின் மின்கம்பி. காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் கம்பி இழுக்க ஐந்து லட்சம் என்று வைத்தால், நம் 120 வீட்டு ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் வரை கம்பி இழுப்பதே லாபம். அதற்கு அப்பால்தான் சோலார் ஜெயிக்கும். இது ஏட்டுக்கணக்கு. அரசு ஏட்டைப் பார்த்துக் கம்பி இழுப்பதில்லை.

பிகாரின் ஜகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்ற ஊர். ஏறத்தாழ முப்பது வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அங்கே 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பைத் தொடங்கிவைத்தது. அதில் 70 கிலோவாட் வீடுகளுக்கும் கடைகளுக்கும், 30 கிலோவாட் பாசன பம்புகளுக்கு. நாடெங்கும் செய்தி. அடுத்த மாதமே, அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமார் ஊருக்கு வந்தபோது, கூட்டத்தில் ஒரு பகுதி கேட்டது “அசலி பிஜிலி” வேண்டும் என்று, அசல் மின்சாரம். ஃப்ரிட்ஜ் போடாதே, அயர்ன் பாக்ஸ் வைக்காதே என்று சொல்கிற கரண்ட் அவர்களுக்கு நகல் மாதிரி பட்டது. விலையும் அரசு மானியக் கரண்டைவிட அதிகம். அதிகாரிகள் சுறுசுறுப்பானார்கள், கம்பி வந்தது. சில வருடம் கழித்துப் போன செய்தியாளர்கள் கண்டது, மின் நிலையம் செயலிழந்து அங்கே மாடு கட்டியிருந்ததை. 2018 ஏப்ரல் 28-உடன் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. இருபது வருடத் தவணை போட்டுக் கட்டிய எத்தனையோ சின்ன அமைப்புகளின் கணக்கு நாலு வருடத்தில் முடிந்துபோனது.

தர்னாய்க்காரர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. டவுனில் இருப்பவன் ஐந்து ரூபாய்க்கு வாங்குவதைக் காட்டில் இருப்பவன் ஏன் முப்பது ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை. கம்பிக்கு மானியம், பேனலுக்கு முதல் நாள் மட்டும் மானியம் என்றிருக்கிற வரை அவர்கள் கேட்டது சரி.

இலங்கையின் நீர்மின் சங்கங்களுக்கும் அதே விருந்தாளி வந்தார். மின்சார சபையின் கம்பி ஊருக்குள் நுழைந்ததும் வீடுகள் ஒவ்வொன்றாக மாறின, சந்தா குறைந்தது, பல கொட்டகைகளில் டர்பைன் நின்றது. ஒரு சில சங்கங்கள் மட்டும் டர்பைனைக் கழற்றவில்லை. கூடுதல் கருவி வாங்கி, அனுமதிக்கு அலைந்து, வந்த கம்பியிலேயே தங்கள் ஓடையின் கரண்டை ஏற்றின. அந்தச் சங்கங்களின் கணக்கு நோட்டில், வரவுப் பக்கத்தில் வீட்டுச் சந்தா இருந்த இடத்தில், அதன்பின் மின்சார சபை கொடுத்த பணம்.